அப்பாவின் வோல்வோவும் இரட்டைக் கார்புரேட்டரும்

“இனிமே நான் அந்தக் காடியில ஏற மாட்டேன்” என்று அம்மா சொல்லிவிட்டார். பொங்கல் முடிந்த மறு வாரம் அது. சித்தியவான் பட்டணத்துக்குள் நுழையும் சமிக்ஞை விளக்கில் வண்டி மூன்று தடவை நின்றுபோயிருக்கிறது. பின்னால் செம்பனைக் குலை ஏற்றிய லாரி. அவன் அடித்த ஹாரனில் அம்மாவுக்குக் கையெல்லாம் நடுங்கிவிட்டதாம். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்ததும் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு நேரே கொட்டகைக்குப் போய் பானட்டைத் திறந்திருக்கிறார்.

அந்தக் காடி, 1967-ஆம் ஆண்டு வோல்வோ 122எஸ். இந்தப் பகுதியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு அதைப் பற்றி முன்பு ஓரிரு வரி சொன்னது நினைவிருக்கலாம். அப்பா ரப்பர் தோட்டத்து ஆலையில் பிட்டராக இருந்தவர். ஆலை இயந்திரங்களோடு துரையின் காரையும் பார்த்துக்கொள்வது அவர் வேலை. 1979-ல் துரை வேலையை விட்டுப் போகும்போது, “உன்னைத் தவிர இதை வேறு யாருக்கும் ஓட்டத் தெரியாது” என்று சொல்லி மலிவு விலைக்கு அப்பாவிடமே கொடுத்துவிட்டுப் போனார். லயத்து வீட்டுக்கு முன்னால் அந்தக் கார் வந்து நின்ற நாளை அம்மா இப்போதும் சொல்வார். வீட்டில் அன்று ஒரு நல்ல நாற்காலிகூடக் கிடையாது.

அன்றிலிருந்து ஒவ்வோர் ஆண்டும் மாசி மகத்துக்கு, பங்கோர் பத்திரகாளியம்மன் கோயிலுக்குப் போக, லுமுட் படகுத்துறை வரைக்கும் அம்மாவை அந்த வோல்வோவில்தான் அப்பா அழைத்துப் போவார். என்னிடம் ஒரு பெரோடுவா இருக்கிறது. தங்கையிடம் ஒரு ஹோண்டா இருக்கிறது. ஆனாலும் மாசி மகத்துக்கு வோல்வோதான். அம்மா ஏற மாட்டேன் என்றது அதனால் சாதாரண விஷயம் இல்லை. காரை விற்றுவிடலாம் என்று தங்கை வாட்ஸ்அப்பில் பேச்செடுத்துவிட்டாள்.

நான் ஈப்போவில் வேலை செய்கிறேன். வாரக் கடைசியில்தான் சித்தியவான் வருவேன். முதல் வாரம் வண்டியைப் பட்டணத்தில் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனோம். நல்ல பையன். பானட்டைத் திறந்து கொஞ்ச நேரம் பார்த்தான். “அங்கிள், கம்ப்யூட்டர் வயரை எங்க சொருகறது?” என்றான். அப்பா சிரித்தார். அடுத்த பட்டறையில், “ரெண்டையும் கழட்டிட்டு ஜப்பான் காடியோட ஒத்த கார்புரேட்டரைப் போட்டுடலாம், தொல்லையே இருக்காது” என்றார்கள். அப்பா அங்கே சிரிக்கவில்லை. நியாயமாகப் பார்த்தால் அவர்கள் சொன்னதிலும் தப்பில்லை. பல பேர் அப்படித்தான் செய்கிறார்கள். இரட்டைக் கார்புரேட்டரைச் சரிக்கட்டுவதற்கு ஆகும் நேரத்துக்குக் கூலி போட்டுக் கொடுத்தால் எந்தப் பட்டறைக்கும் கட்டுப்படியாகாது.

இளைய வாசகர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். உங்கள் காரில் எவ்வளவு காற்று, எவ்வளவு பெட்ரோல் என்பதைக் கணினி தீர்மானிக்கிறது. பழைய கார்களில் அந்த வேலையைச் செய்தது கார்புரேட்டர். இஞ்சின் காற்றை உறிஞ்சும். அந்தக் காற்று போகும் வழியில் பெட்ரோல் பொடிப்பொடியாகக் கலக்கும். வோல்வோ 122எஸ்-ல் நான்கு சிலிண்டருக்கு இரண்டு கார்புரேட்டர். முன்னது முதல் இரண்டு சிலிண்டருக்கு, பின்னது மற்ற இரண்டுக்கு. ஒவ்வொரு சிலிண்டருக்கும் காற்று வரும் வழி குட்டையாகவும் அகலமாகவும் இருப்பதால் வண்டிக்கு வேகம் கூடும். ஆனால் இரண்டு பேரும் ஒரே அளவில் மூச்சு விட்டால்தான் அந்தப் பலன். ஒருவர் அதிகமாகவும் ஒருவர் குறைவாகவும் விட்டால், இரண்டு மாடு பூட்டிய வண்டியில் ஒரு மாடு மட்டும் இழுப்பது போல ஆகிவிடும். வேகமாகப் போகும்போது அது தெரியாது. சமிக்ஞை விளக்கில் நிற்கும்போது தெரியும்.

இந்தக் கார்புரேட்டருக்கு எஸ்யூ என்று பெயர். ஸ்கின்னர் யூனியன் என்பதன் சுருக்கம். இங்கிலாந்தில் காலணி வியாபாரக் குடும்பத்தில் பிறந்த ஸ்கின்னர் சகோதரர்கள் 1905 வாக்கில் கண்டுபிடித்தது. ஆரம்பத்தில் உள்ளே தோல் துருத்தி வைத்திருந்தார்கள். காலணிக் குடும்பம்தானே, தோலுக்கா பஞ்சம்! பிறகுதான் துருத்திக்குப் பதில் உலோகப் பிஸ்டன் வந்தது. நம் அப்பாமார்கள் ஓட்டிய மோரிஸ் மைனர், மினி, எம்ஜி எல்லாவற்றிலும் இதுதான்.

அதன் வேலை எளிமையானது. மணி மாதிரி கவிழ்ந்த ஒரு கிண்ணத்துக்குள் பிஸ்டன் ஒன்று மேலும் கீழும் போகும். பிஸ்டனின் அடியில் ஒரு ஊசி தொங்கும். ஊசி நுனி போகப் போக மெலிந்திருக்கும். அது பெட்ரோல் வரும் துளைக்குள் இறங்கியிருக்கும். இஞ்சின் அதிகமாகக் காற்று இழுத்தால் பிஸ்டன் மேலே எழும்பும், ஊசியின் மெலிந்த பகுதி துளைக்கு வரும், சுற்றிலும் இடைவெளி கூடும், பெட்ரோலும் கூடும். அவ்வளவுதான். அடியில் ஆறு பக்க நட்டு ஒன்று இருக்கிறது. அதைத் திருகினால் துளை கீழே இறங்கி பெட்ரோல் அதிகமாகும், மேலே ஏற்றினால் குறையும். பட்டாம்பூச்சி மாதிரி திறந்து மூடும் தகடு காற்றைக் கட்டுப்படுத்தும். அதற்கு ஒரு திருகாணி. ஆக, கார்புரேட்டர் ஒன்றுக்குக் காற்றுக்கு ஒன்று, பெட்ரோலுக்கு ஒன்று என்று இரண்டே இரண்டு திருப்பு. இரண்டு கார்புரேட்டருக்கு நான்கு. இந்த நான்கும் ஒன்றையொன்று பாதிக்கும் என்பதில்தான் எல்லாச் சிக்கலும்.

அப்பா இதை நாற்பது ஆண்டுகளுக்கு மேல் காதால் செய்தவர். கொட்டகைச் சுவரில் ஆணியில் மூன்றடி ரப்பர் குழாய் ஒன்று தொங்கும். ஒரு முனையைக் காதில் வைத்துக்கொண்டு மறு முனையைக் கார்புரேட்டரின் வாயில் வைப்பார். காற்று உள்ளே போகும் ‘ஸ்ஸ்ஸ்’ சத்தம் குழாய் வழியே கேட்கும். முன்னதைக் கேட்பார், பின்னதைக் கேட்பார், திருகாணியை மயிரிழை திருப்புவார். இரண்டும் ஒரே சத்தமானால் முடிந்தது. சிறு பையனாக இருந்தபோது என் காதிலும் வைத்துக் காட்டுவார். “ரெண்டும் ஒரே மாதிரி மூச்சு விடுதா பாருடா.” எனக்கு எப்போதும் ஒரே மாதிரிதான் கேட்டது. அவருக்கு மட்டும் வித்தியாசம் தெரிந்தது.

இந்தத் தடவையும் குழாயோடுதான் உட்கார்ந்தார். மூன்று வாரம். ஒவ்வொரு வாரமும் நான் வரும்போது வண்டி போன வாரத்தைவிட மோசமாக இருந்தது. பெட்ரோல் வாடை கொட்டகை முழுக்க. சும்மா நிற்கும்போது இஞ்சின் குளிர் காய்ச்சல் வந்தவன் மாதிரி உதறியது. “பெட்ரோல் சரியில்ல” என்றார் அப்பா. அடுத்த வாரம், “பிளக்கு டூப்ளிகேட்டு” என்றார்.

மூன்றாவது சனிக்கிழமை மாலை, வேலையை விட்டுவிட்டு வாசலில் உட்கார்ந்து தே ஓ குடித்துக்கொண்டிருந்தோம். அப்பா செம்பனைத் தோப்புப் பக்கம் பார்த்தபடி சொன்னார். “பால்மரத்தை வெட்டினாலும் வெட்டினாங்க, சில்வண்டுகூட இல்லாமப் போச்சு இந்தப் பக்கம்.”

நான் கிளாஸைக் கீழே வைத்துவிட்டேன். அந்த நேரத்தில் சில்வண்டுகள் காதைத் துளைக்கிற மாதிரி கத்திக்கொண்டிருந்தன.

இரைச்சலில் வேலை செய்தவர்களுக்குக் காது ஒரேயடியாகப் போவதில்லை. முதலில் போவது உச்ச ஓசைகள்தான். பேச்சு கேட்கும். டெலிவிஷன் கேட்கும், கொஞ்சம் சத்தமாக வைத்தால். கதவு தட்டினால் கேட்கும். அதனால் வீட்டில் யாருக்கும் சந்தேகம் வராது. சில்வண்டு, கெட்டில் விசில், குழந்தைகளின் கீச்சுக்குரல் இதெல்லாம் மெல்ல மெல்ல மறைந்துபோகும். மறைந்தது அவருக்கே தெரியாது. காற்று ஒரு துளை வழியே நுழையும் ‘ஸ்ஸ்ஸ்’ இருக்கிறதே, அதுவும் உச்ச ஓசைதான். அப்பா 1965-லிருந்து ஆலையில் ரப்பர் உருளைகளுக்கு நடுவே நின்றவர். தொழிற்சாலை இரைச்சலுக்கென்று நம் நாட்டில் தனி விதிமுறை வந்ததே 1989-ல்தான். அதற்குள் அவருக்கு ஆலையில் இருபத்து நான்கு ஆண்டு ஓடிவிட்டது. ஆலையிலோ மில்லிலோ காலம் கழித்த பெற்றோர் உங்கள் வீட்டிலும் இருந்தால், ஒரு தடவை அரசாங்க மருத்துவமனையில் செவிச் சோதனைக்கு அழைத்துப் போங்கள். நாங்கள் தாமதமாகத்தான் போனோம்.

ஆனால் அன்று மாலை அதை எப்படிச் சொல்வது? அம்மாவிடம் மட்டும் சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். “அவருகிட்ட சொல்லாதய்யா. அந்தக் குழாயை வச்சுதான் அவரு மெக்கானிக்குன்னு நெனச்சுக்கிட்டு இருக்காரு” என்றார்.

இந்த வேலைக்கென்றே ஜெர்மனியில் ஒரு கருவி செய்கிறார்கள். கார்புரேட்டரின் வாயில் அழுத்திப் பிடித்தால், உள்ளே போகும் காற்றின் அளவை முள் காட்டும். மணிக்கு இத்தனை கிலோ என்று அளவு. காது தேவையில்லை, கண் போதும். இணையத்தில் வாங்கினேன். அடுத்த சனிக்கிழமை அதைப் பையிலிருந்து எடுத்தபோது, “எனக்குத்தான் எப்பவும் வித்தியாசம் தெரியாதே, அதான் வாங்கினேன், நீங்க சொல்லிக் கொடுங்க” என்றேன். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த பொய்.

அப்பா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “என் காது போயிடுச்சுன்னு சொல்றியா?” என்றார்.

நான் பதில் சொல்லவில்லை.

“ஆலையில இருந்தவனுக்கெல்லாம் அப்படித்தான். கூட இருந்தவங்கள்லாம் கத்திக் கத்தித்தான் பேசுவானுங்க. நான் மட்டும் தப்பிச்சுட்டேன்னு நெனச்சேன்.” கருவியை என் கையில் கொடுத்தார். “சரி. நீ முள்ளைப் பாரு. ஸ்பானர் என் கையில இருக்கட்டும்.”

வண்டியை ஓட விட்டுக் கருவியை வைத்தேன். முன்னதில் 4. பின்னதில் 7. அப்பா எட்டிப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், இஞ்சினை அணைத்தார். திருகாணியைத் தொடவே இல்லை.

“மொதல்ல பிளக்கைக் கழட்டு” என்றார்.

கார்புரேட்டர் எப்போதும் கடைசி என்பது அவர் சட்டம். வால்வு இடைவெளி, பாயிண்ட், டைமிங், பிளக் எல்லாம் சரி என்று தெரிந்த பிறகுதான் கார்புரேட்டரைத் தொட வேண்டும். கார்புரேட்டர் கோளாறு என்று வரும் வண்டிகளில் பாதிக்கு மேல் பாயிண்ட் கோளாறுதான் என்பார். நாலு பிளக்கையும் கழற்றி வரிசையாக வைத்தோம். முன் இரண்டும் வெளிறிப் போயிருந்தன. பின் இரண்டும் சமையற்கட்டுச் சட்டி மாதிரி கரி. அப்பா பின் கார்புரேட்டரின் பட்டாம்பூச்சித் தகட்டைத் தாங்கும் தண்டை இரண்டு விரலால் பிடித்து ஆட்டினார். மேலும் கீழும் ஆடியது.

“இங்கதான்டா திருடன்.”

அந்தத் தண்டு தேய்ந்து, சுற்றியுள்ள இடைவெளி வழியாக வெளிக்காற்று திருட்டுத்தனமாக உள்ளே போய்க்கொண்டிருந்தது. சும்மா நிற்கும்போது இஞ்சின் இழுப்பதே கொஞ்சம் காற்று. அதில் இந்தத் திருட்டுக் காற்று பெரிய பங்கு. அதனால் பெட்ரோல் போதாமல் நின்றது. அப்பா அதைச் சரிக்கட்ட, பின் நட்டைத் திருகித் திருகிப் பெட்ரோலைக் கூட்டியிருக்கிறார். அது ஓடும்போது அதிகமாகி பிளக்கைக் கரியாக்கியது. தகட்டையும் வேண்டியதற்கு மேல் திறந்து வைத்திருக்கிறார். காது கேட்டிருந்தால் இரண்டு சத்தமும் ஒட்டவில்லை என்பதை முதல் நாளே பிடித்திருப்பார். கேட்காததால் பிழையின் மேல் பிழை. இதைக் கண்டுபிடித்தது என் கருவி அல்ல, அவர் விரல். கருவி காட்டியது இரண்டும் சமமில்லை என்பதை மட்டும்தான். ஏன் என்று அது சொல்லாது.

எஸ்யூ பாகங்கள் இன்றும் கிடைக்கின்றன. இங்கிலாந்தின் சால்ஸ்பரி நகரில் பர்லன் என்ற நிறுவனம் இப்போதும் புதிதாகவே தயாரிக்கிறது. எங்களுக்கு வேண்டியது எச்எஸ்6. அந்த எண்ணில் ஒரு கணக்கு இருக்கிறது: ஓர் அங்குலத்துக்கு மேல் எட்டில் ஆறு பங்கு, அதாவது ஒன்றே முக்கால் அங்குல வாய். எச்எஸ்4 என்றால் ஒன்றரை அங்குலம். தண்டும் புஷ்ஷும் வந்து சேர இரண்டு வாரம் ஆனது. மாசி மகம் நெருங்கிக்கொண்டிருந்தது. ஆயர் தாவாரில் லேத் பட்டறை வைத்திருக்கும் ஒரு சீனக் கிழவர்தான் புஷ் போட்டுத் தண்டுக்கு ஏற்றபடி துளையைச் சீராக்கிக் கொடுத்தார். அப்பாவும் அவரும் ஹொக்கியனும் மலாயும் தமிழுமாகக் கத்திக் கத்திப் பேசினார்கள். அவருக்கும் காது அவ்வளவுதான் போலிருக்கிறது.

கார்புரேட்டர்களைக் கழற்றிக் கழுவும் வேலை என்னுடையது. கழுவி, துடைத்து, ஒரே தட்டில் அழகாக அடுக்கிவைத்தேன். அப்பா வந்து பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார். எஸ்யூவில் பிஸ்டனும் அதன் மேல் கிண்ணமும் ஜோடி ஜோடியாகச் செய்யப்பட்டவை. ஒன்றின் பிஸ்டனை மற்றதன் கிண்ணத்தில் போடக்கூடாது. நான் இரண்டையும் கலந்துவிட்டேன். நல்ல வேளை, 1980-களிலேயே முன் ஜோடியின் விளிம்பில் அரத்தால் ஒரு புள்ளி வைத்திருந்தார். “என் மவன் ஒரு நாள் இப்படிச் செய்வான்னு அப்பவே தெரியும்” என்றார். தகட்டைப் பிடிக்கும் குட்டித் திருகாணிகளின் பிளந்த நுனியைக் கவனமாக விரித்துவிட்டார். விரிக்காவிட்டால் என்றாவது ஒரு நாள் கழன்று நேரே இஞ்சினுக்குள் விழும். இதெல்லாம் என்னைச் செய்ய விடவில்லை.

பூட்டி முடித்ததும் பிஸ்டனைத் தூக்கி விட்டுப் பார்த்தோம். ‘டக்’ என்று விழ வேண்டும். மெதுவாகச் சறுக்கினால் ஊசி எங்கோ உரசுகிறது என்று பொருள். இந்த ‘டக்’ அப்பாவுக்கு நன்றாகவே கேட்டது.

இனி வரிசையைச் சொல்கிறேன். பழைய மினியோ எம்ஜியோ வைத்திருப்பவர்களுக்கு உதவும். இரண்டு கார்புரேட்டரையும் இணைக்கும் தண்டின் பிடியை முதலில் தளர்த்த வேண்டும். பல பேர் இதைச் செய்வதில்லை. இணைப்பு இருக்கும்வரை ஒன்றைத் திருப்பினால் மற்றதும் திரும்பும். இரண்டையும் தனித்தனியாக விட்டால்தான் யார் என்ன செய்கிறார்கள் என்று தெரியும். இரண்டு நட்டையும் முழுக்க மேலே ஏற்றி, பிறகு ஒரே அளவு கீழே இறக்குங்கள். பன்னிரண்டு பக்கம், அதாவது இரண்டு முழுச் சுற்று. இது தொடக்கம்தான். இஞ்சின் நன்றாகச் சூடேறட்டும். முதலில் காற்று. கருவியோ குழாயோ வைத்து, இரண்டு திருகாணியையும் மாற்றி மாற்றித் திருப்பிச் சமமாக்குங்கள். பிறகு பெட்ரோல். பெட்ரோலைத் திருத்தியதும் இஞ்சின் வேகம் மாறும், காற்றை மறுபடி பார்க்க வேண்டும். இப்படி இரண்டு மூன்று சுற்று. நடுவில் நேரமானால் ஆக்சிலேட்டரை அரை நிமிடம் அழுத்தி இஞ்சினைச் சுத்தமாக்கிவிட்டுத் தொடருங்கள். கொட்டகைக் கதவு திறந்திருக்க வேண்டும், புகையில் விஷவாயு இருக்கிறது. பெட்ரோல் கசிவு இருந்தால் முதலில் அதை நிறுத்துங்கள், பக்கத்தில் யாரும் சிகரெட்டோடு வரக்கூடாது.

பெட்ரோல் சரியா என்று பார்க்க அப்பா ஒல்லியான திருப்புளியால் ஒரு பிஸ்டனை மட்டும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்குவார். இஞ்சின் வேகம் கூடி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். தடுமாறி இறங்கினால் குறைவு. கொஞ்சம் கூடி உடனே பழைய நிலைக்கு வந்தால் சரி. இதற்கும் காது வேண்டும் என்று நினைத்தேன். வேண்டாம். அவர் இடது கையை மட்கார்டின் மேல் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். தகடு அதிர்வதில் வேகம் தெரிகிறதாம். பிறகு பின்னால் போய் எக்ஸாஸ் குழாய்க்கு நேரே உள்ளங்கையைக் காட்டினார். புகை சீராகத் தட்டுகிறதா, நடுவில் ஒன்று தவறுகிறதா என்று கையிலேயே எண்ணினார். நான் முள்ளைப் படித்துக் கத்தினேன். “முன்னால அஞ்சரை! பின்னால ஆறு!” அவர் கால் சுற்றுகூட இல்லை, சும்மா தொட்ட மாதிரி ஒரு திருப்பு. “இப்ப?” “அஞ்சரை! அஞ்சரை!”

இணைப்புத் தண்டைப் பூட்டினோம். பூட்டும்போது ஏதாவது ஒன்று கொஞ்சம் இழுத்துக்கொள்ளும், அதனால் வேகத்தைச் சற்றுக் கூட்டி வைத்து மறுபடியும் இரண்டையும் அளந்து பார்க்க வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் திறக்க வேண்டும். எங்களுக்கு மூன்று தடவை பிடித்தது. சோக்கை இழுத்தால் இரண்டு துளையும் ஒரே அளவு இறங்குகிறதா என்பதையும் பார்த்தோம். கடைசியாகக் கிண்ணத்தின் மேல் கறுப்பு மூடிகளைத் திறந்து எண்ணெய் விட்டார். அந்த எண்ணெய் பிஸ்டன் துள்ளாமல் பிடித்துக்கொள்வதற்கு. அது இல்லையென்றால் ஆக்சிலேட்டரைத் திடீரென்று மிதிக்கும்போது வண்டி ஒரு கணம் மூச்சுத் திணறும்.

அப்பாவிடம் அன்று இரவு ஒரு செய்தி சொன்னேன். அமெரிக்காவில் இர்வ் கோர்டன் என்ற ஆசிரியர் 1966-ஆம் ஆண்டு வோல்வோ பி1800எஸ் ஒன்றைத் தானே ஓட்டி 2013-ல் முப்பது லட்சம் மைலைத் தாண்டினார். அதிலும் இதே இரட்டை எஸ்யூதான். “எத்தன தடவ டியூன் பண்ணாராம்?” என்று கேட்டார் அப்பா. அது எனக்குத் தெரியவில்லை. “அதைக் கேக்காம என்ன செய்தி படிக்கற?” என்றார்.

மாசி மகத்தன்று விடியற்காலை. அம்மா மஞ்சள் சேலை கட்டிக்கொண்டு வாசலில் நின்றார். என் பெரோடுவாவைப் பார்த்தார், வோல்வோவைப் பார்த்தார். அப்பா பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் நின்றார். அம்மா பூத்தட்டை முதலில் உள்ளே வைத்துவிட்டு ஏறினார். நான் முன்னால் அப்பாவுக்குப் பக்கத்தில்.

அதே சமிக்ஞை விளக்கு. சிவப்பு. பின்னால் கண்ணாடியில் ஒரு லாரியின் விளக்கு. வண்டி நின்றது. ஒரு சத்தமும் இல்லை, உதறலும் இல்லை. அம்மா முன்னிருக்கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஏங்க, இஞ்சின் நின்னுபோச்சா?”

“ஓடுதா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும், எனக்குத்தான் காது கேக்காதே” என்றார் அப்பா. பிறகு டாஷ்போர்டைக் காட்டினார். “பேட்டரி வெளக்கு எரியல பாரு. ஓடுது.”

“பச்சை விழுந்துடுச்சு, போங்க” என்றார் அம்மா.